சிறையிலுள்ள பேனா நண்பருக்குப் பணம் அனுப்புதல்

அமெரிக்கச் சிறைகளில் இருப்போருடன் கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்கள், அந்நாட்டிலேயே வாழ்ந்தாலும் கடல்கடந்து வாழ்ந்தாலும், என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ள நேரும் கேள்வி, கடிதத்தோடு பணமும் அனுப்பலாமா என்பதாகும். கூடவே கூடாது என்று எடுத்த எடுப்பிலேயே மறுப்போர் உண்டு. கேட்டவுடன் கொடுப்பதே மனிதநேயம் என்று கருதுவோரும் உண்டு. சிறைக்குள் பணம் எவ்வழியாகச் செல்கிறது, அதில் யார் யாருக்குப் பங்கு போகிறது, மிஞ்சியது எதற்குச் செலவாகிறது என்பவற்றை அறியாமல் எடுக்கும் முடிவு எதுவாயினும் அது குருட்டு முடிவாகவே இருக்கும் என்பதால், அவற்றை முதலில் விளக்கிவிட்டு, கோரிக்கையை எடைபோடும் முறையைப் பின்னர் கூறுவதே இந்த அத்தியாயத்தின் போக்கு.

இத்தகைய நட்பு நெடுங்காலமாக இருந்துவருவது. 1987 மே மாதம் மிசிசிப்பி மாநிலத்தில் எட்வர்ட் ஏர்ல் ஜான்சன் என்ற இளைஞருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதையும் அதற்கு முந்தைய பதினான்கு நாட்களையும் ஓர் ஆவணப்படமாக பிபிசி ஒளிபரப்பியது. அதைப் பார்த்து நெகிழ்ந்த பிரிட்டன் மக்கள் சிலர் மரண தண்டனைக் கைதிகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்க, 1988இல் லைஃப்லைன்ஸ் என்ற அமைப்பு உருவாயிற்று. பின்னர் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரைட் எ பிரிசனர் போன்ற சேவைகள், கைதியின் புகைப்படம், வயது, குற்றம், விடுதலையாகும் ஆண்டு ஆகியவற்றை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலையை ஏற்படுத்தின. அமைப்பு ஒன்றின் வழியாக எழுதுபவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்டறிய ஆள் உண்டு. விளம்பரத்தைப் பார்த்துத் தாமாகவே எழுதுபவருக்கு அந்தத் துணை இல்லை என்பதால், அவர் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டியவராகிறார்.

தேவை உண்மையானதா?

அமெரிக்காவில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் சிறைவாசத்தில் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் மாநில அரசுச் சிறைகளிலும், ஒரு பகுதியினர் மத்திய அரசின் சிறைத்துறை நடத்தும் ஃபெடரல் சிறைகளிலும், விசாரணைக் கைதிகளும் குறுகிய தண்டனை பெற்றோரும் கவுண்டி ஜெயில் எனப்படும் உள்ளூர்ச் சிறைகளிலும் உள்ளனர். கைதி தன் கையில் ரொக்கம் வைத்திருக்கக் கூடாது என்பது இம்மூன்றுக்கும் அனேகமாகப் பொதுவான விதியாகையால், ஒவ்வொருவர் பெயரிலும் நிர்வாகம் ஒரு கணக்கு வைத்துள்ளது. அதற்கு டிரஸ்ட் ஃபண்ட் கணக்கு என்பது அலுவலகப் பெயர், புக்ஸ் என்பது கைதிகளின் பேச்சுவழக்கு. அக்கணக்கிலுள்ள பணத்தைக் கொண்டு கைதி பொருள் வாங்கும் சிறைக் கடையே கமிசரி எனப்படுவது.

உணவு, உடை, படுக்கை ஆகியவற்றை அரசே தருகிறது என்பதும், கையில் ஒன்றும் இல்லாதவருக்குச் சோப்பு, பற்பசை போன்றவை குறைந்த அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதும் உண்மையே. ஆனால் பல சிறைகளில் மாலை நான்கு, ஐந்து மணிக்கே இரவுணவு முடிந்துவிடுகிறது. அதற்கும் மறுநாள் காலையுணவுக்கும் இடைப்பட்ட நெடும்பொழுதில் பசித்தால் கமிசரியில் வாங்கிய நூடுல்ஸ் பொட்டலம்தான் துணை. காபித் தூள், தலைவலி மாத்திரை, குளிர்காலத்துக்கான உள்ளாடை, கடிதம் எழுதத் தாளும் தபால்தலையும், வீட்டாருடன் பேசத் தொலைபேசி நேரம் ஆகியவையும் அந்தக் கணக்கிலிருந்தே வாங்கப்பட வேண்டியவை. ஃபெடரல் சிறைகளில் பெண்களுக்கு விடாய்க்கால அணையாடைகள் இலவசமாகவும் போதிய அளவிலும் தரப்பட வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதுவதற்கே 2018 டிசம்பர் வரை ஆயிற்று என்பதிலிருந்து, அடிப்படைத் தேவை என்ற சொல்லைச் சிறை நிர்வாகங்கள் எவ்வளவு குறுக்கிப் பொருள்கொண்டுள்ளன என்பதை உணரலாம்.

உழைத்துச் சம்பாதிக்கலாமே என்று கேட்பதும் இயல்பே. ஃபெடரல் சிறைகளில் சமையலறை, துப்புரவு முதலிய பணிகளுக்கு மணிக்கு 12 சென்ட் முதல் 40 சென்ட் வரை ஊதியம் தரப்படுகிறது. அடிமட்ட ஊதியத்தில் நாள்தோறும் ஏழு மணி நேரம் பாத்திரம் துலக்குபவருக்கு ஒரு நாளில் ஒரு டாலர்கூடத் தேறாது. டெக்சஸ், ஜார்ஜியா போன்ற சில மாநிலங்களில் பெரும்பாலான சிறைப் பணிகளுக்கு ஊதியமே கிடையாது. அப்படி ஊதியமே தராத டெக்சஸ் மாநிலம்தான், கணக்கில் பணம் உள்ள கைதி தன் நோயைச் சொல்லி மருத்துவப் பிரிவுக்குச் சென்றால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் 13.55 டாலர் வீதம், ஆண்டுக்கு 100 டாலர் வரை கட்டணம் பிடிக்கிறது. ஆகவே வெளியிலிருந்து பணம் வராத கைதியின் வறுமை நடிப்பு என்று பொதுப்படச் சொல்வது அநீதி. கோரிக்கை பொய்யாக இருக்கும் இடங்களிலும் அந்தப் பொய் ஓர் உண்மையான வறுமையின் மீதே கட்டப்படுகிறது.

அனுப்பும் டாலர் எங்கே போகிறது?

அனுப்பிய தொகை முழுவதும் நண்பரின் கைக்குச் சேரும் என்ற எண்ணம் பெரும்பாலும் தவறானது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குக் கைதி செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் விதித்த இழப்பீட்டுத் தொகை நிலுவையில் இருந்தால், வெளியிலிருந்து வரும் பணத்திலிருந்தும் அது பிடிக்கப்படும். கலிஃபோர்னியாவில் இவ்வாறு பாதித்தொகை வரை பிடிக்கப்படுகிறது. அதன்படி ஒருவர் 50 டாலர் அனுப்பினால் 25 டாலர் இழப்பீட்டுக்குப் போக, நண்பர் கணக்கில் ஏறுவது 25 டாலராக மட்டும் இருக்கலாம். நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குத் தொடுத்து, கட்டணத்தைத் தவணையில் செலுத்தி வரும் கைதியின் கணக்கிலிருந்து, 1996ஆம் ஆண்டின் சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, முந்தைய மாத வரவில் 20 சதவீதம் அதற்கென எடுக்கப்படும். இவற்றைக் கொள்ளை என்று கருதிப் பிடித்தத்தைத் தவிர்க்கும் குறுக்குவழி தேடுவோர் உண்டு. இழப்பீடு என்பது பாதிக்கப்பட்ட ஒரு மனிதருக்குச் சேரவேண்டிய பணம்; அதைச் செலுத்தத் துணைபுரிவதும் நண்பருக்குச் செய்யும் உதவியே என்று கொள்வதுதான் சரியான பார்வை.

இடைத்தரகு நிறுவனங்கள் வாங்கும் கட்டணம் வேறு வகை. பல மாநிலங்களில் ஜேபே போன்ற தனியார் நிறுவனங்கள் வழியாகவே இணையத்தில் பணம் செலுத்த இயலும். சிறு தொகைக்கும் ஒரு கட்டணம் உண்டு என்பதால், பத்து டாலராக நான்கு முறை அனுப்புவதைவிட நாற்பது டாலராக ஒருமுறை அனுப்புவது பெரும்பாலும் சிக்கனம். விடுதலையாவோருக்குத் தரப்பட்ட டெபிட் அட்டைகளில் முறையற்ற கட்டணம் வசூலித்தமைக்காக, அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2021 அக்டோபரில் ஜேபே நிறுவனத்துக்கு எதிராக 60 லட்சம் டாலருக்கு உத்தரவு பிறப்பித்தது. தபால் மணி ஆர்டர் வழியாக அனுப்பும் வசதி உள்ள சிறைகளில், நாட்கள் கூடுதலாக ஆனாலும், செலவு குறைவு.

ஃபெடரல் கைதிகளுக்கான நடைமுறை ஓரளவு எளிது. மணி ஆர்டரை அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரிலுள்ள பொது அஞ்சல் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அதில் கைதியின் முழுப் பெயரும், ரெஜிஸ்டர் எண் எனப்படும் எட்டு இலக்கக் கைதி எண்ணும் சிறைப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தனிநபர் காசோலையும் ரொக்கமும் ஏற்கப்படா. அந்த உறைக்குள் கடிதமோ புகைப்படமோ வைத்தால் அது நண்பரைச் சென்றடையாது. வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் வழியாகவும் அனுப்பலாம். சில மாநிலச் சிறைகளோ, வருகையாளர் பட்டியலில் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே பணம் செலுத்தலாம் என்று வரையறுத்துள்ளன. சிறையில் தன்னார்வலராகப் பணிபுரிபவர் கைதிக்குப் பணம் தருவதைச் சிறைத்துறைகள் பொதுவாகத் தடை செய்துள்ளமையால், அத்தகையோர் எவ்வளவு சிறிய தொகையாயினும் அனுப்புதல் கூடாது.

இந்தியாவிலிருந்து எழுதுபவருக்கு ஒரு குறிப்பு. இங்குள்ள வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் முகவர்கள் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைத் தருவதற்கே அனுமதி பெற்றவர்கள். வெளியே அனுப்புவதற்கு ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் வங்கி வழியாகவே செல்ல வேண்டும். சிறைக் கணக்கு வழக்கமான வங்கிக் கணக்கு அன்று என்பதால் அதிலும் சிக்கல் உண்டு. இக்காரணத்தைக் காட்டி, அமெரிக்காவிலுள்ள தன் உறவினர் ஒருவரின் கணக்குக்கு அனுப்பிவிடுமாறு நண்பர் கேட்டால், அடுத்த பகுதியை ஊன்றிப் படித்த பின்னரே மறுமொழி எழுத வேண்டும்.

மோசடி நடைபெறும் விதம்

சிறையிலிருந்து நடத்தப்படும் காதல் மோசடிக்கு அமெரிக்க நீதிமன்ற வரலாற்றில் பதிவான கொடிய உதாரணம், 1980களில் லூசியானாவின் அங்கோலா சிறையிலிருந்து கர்க்சி நிக்ஸ் என்ற ஆயுள் கைதி நடத்தியதாகும். ஓரினச்சேர்க்கையாளர்களுக்கான இதழ்களில் துணை தேடும் இளைஞரைப் போல விளம்பரம் செய்து, பதில் எழுதிய தனிமைப்பட்ட ஆண்களிடம் அன்பொழுகப் பேசி, அவர்களை வந்து சேர்வதற்குத் தடையாக ஏதோ ஓர் அபராதமோ பயணச் செலவோ இருப்பதாகக் கூறிப் பணம் வரவழைத்தார். அப்பணம் சிறைக் கணக்குக்குச் செல்லாமல் வெளியிலிருந்த கூட்டாளிகளிடம் சென்று குவிந்தது. அந்தப் பணத்தைச் சுற்றி எழுந்த சதியின் விளைவாக 1987 செப்டம்பரில் மிசிசிப்பியின் பிலாக்சி நகரில் நீதிபதி வின்சென்ட் ஷெரியும் அவர் மனைவி மார்கரெட்டும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்புக்காக ஏங்கியவர்கள் அனுப்பிய சிறு சிறு தொகைகள் இப்படியும் போய் முடிந்தன.

பிற்காலத்தில் கடத்திவரப்பட்ட கைப்பேசிகள் இத்தொழிலை எளிதாக்கிவிட்டன. தென் கரோலினா சிறைகளிலிருந்து கைதிகள் சிலர் இளம்பெண்களைப் போல நடித்து ராணுவத்தினரை மிரட்டிப் பணம் பறித்த வழக்கு 2018 நவம்பரில் வெளியானபோது, 442 படைவீரர்கள் 5,60,000 டாலருக்கு மேல் இழந்திருந்தது தெரியவந்தது. கடித நட்பு வழியான ஏமாற்றுகளைக் காரணம் காட்டி இந்தியானா, ஃப்ளோரிடா ஆகிய மாநிலங்கள் கைதிகள் பேனா நண்பர் தேடி விளம்பரம் செய்வதைத் தடுத்தன. 2011இல் இருவேறு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அத்தடைகளை ஏற்றுக்கொண்டன. ஒரு சிலரின் குற்றத்துக்காக, கடிதத்துக்கு ஏங்கும் அத்தனை பேரின் கதவையும் அடைப்பது மிகையான நடவடிக்கையே என்றாலும், தடை உள்ள மாநிலத்தில் பணம் கேட்டு எழுதும் கைதி தண்டனைக்கு உள்ளாகக்கூடும் என்பதை அனுப்புபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்த வழக்குகளிலிருந்து கிடைக்கும் பயனுள்ள அடையாளம் ஒன்றே. நேர்மையான தேவைக்குப் பணம் கைதியின் சொந்தக் கணக்குக்கே செல்லும். மோசடிக்கோ அது வேறெங்காவது சென்றாக வேண்டும். கேஷ் ஆப் என்ற பணம் அனுப்பும் செயலியின் கணக்கு, முன்பணம் ஏற்றிய அட்டையின் எண், வெளியிலுள்ள தோழியின் பெயர், இன்னொரு கைதியின் கணக்கு என்று பணம் போகுமிடம் மாறும்போது அந்தக் கோரிக்கையை உடனே மறுத்துவிட வேண்டும். அந்நண்பர் கெட்டவராக இல்லாமலும் இருக்கலாம். 2004இல் ஃபெடரல் சிறைக் கடைகள் புகையிலை விற்பதை நிறுத்தத் தொடங்கிய பின், அதுவரை பணமாகப் பயன்பட்ட சிகரெட்டின் இடத்தை அயிலை மீன் பொட்டலங்களும் தபால்தலைகளும் பிடித்துக்கொண்டன. மற்ற பல சிறைகளில் நூடுல்ஸ் பொட்டலம் அவ்வாறு புழங்குகிறது. அந்தப் பண்டமாற்றில் கடன்பட்டவரும், பாதுகாப்புக்காக வலியவருக்குக் கப்பம் கட்ட நேர்ந்தவரும் மற்றொரு கைதியின் கணக்கில் பணம் போடச் சொல்லி எழுதுவது உண்டு. இரக்கத்துக்குரிய நிலைதான் அது. ஆயினும் ஒருமுறை பணம் வந்துவிட்டால், இவனுக்கு வெளியில் ஆள் இருக்கிறது என்ற செய்தி கூடம் முழுதும் பரவி, அடுத்த மாதம் இருமடங்கு கேட்கப்படும் என்பதால், பணம் அனுப்புவது அவரைக் காப்பதற்குப் பதில் மேலும் சிக்க வைக்கிறது.

கேட்கும் காரணத்தை எடைபோடுதல்

கோரிக்கை வந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, நண்பர் தம்மைப் பற்றிச் சொன்னவற்றை அரசுப் பதிவேட்டோடு ஒப்பிடுவது. ஃபெடரல் சிறைத்துறையும் அனேகமாக எல்லா மாநிலங்களும் கைதியின் பெயர் அல்லது எண்ணைக் கொண்டு தேடும் வசதியைப் பொதுமக்களுக்குத் தருகின்றன. அவர் இருக்கும் சிறை, விடுதலைத் தேதி ஆகியவற்றோடு, பல மாநிலங்களில் குற்றத்தின் பிரிவும் அதில் இருக்கும். குற்றத்தைப் பற்றி முதல் கடிதத்திலேயே முழுதும் சொல்லாதவரைப் பொய்யர் என்று தள்ளிவிடலாகாது. வெட்கமும் அச்சமும் யாருக்கும் உண்டு. விடுதலைத் தேதியை மாற்றிச் சொன்னவரின் நிலை வேறு, ஏனெனில் அந்தப் பொய் எதிர்கால வாழ்வைப் பற்றிய நம்பிக்கையை ஊட்டுவதற்கென்றே சொல்லப்படுவது.

பெருந்தொகை கேட்கும் காரணங்களைச் சட்டத்தின் துணையோடு சரிபார்க்க முடியும். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பது ஏற்கத்தக்கதன்று. கடும் நோயுற்ற கைதிக்கு மருத்துவம் அளிப்பது அரசின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இலேயே தீர்ப்பளித்துள்ளது. அந்த மருத்துவம் தரமாகக் கிடைப்பதில்லை என்ற குறை பரவலாக உள்ளபோதிலும், பணம் கட்டி அதைச் சரிசெய்யும் வழி கைதிக்குப் பொதுவாக இல்லை. அபராதம் கட்டினால் அடுத்த வாரமே விடுதலை என்பதும், தண்டனை பெற்று ஆண்டுகள் பல கழிந்தவர் ஜாமீனுக்குப் பணம் கேட்பதும் அனேகமாகக் கட்டுக்கதைகளே. வழக்கறிஞர் கட்டணம் என்ற காரணம் மட்டும் நின்று யோசிக்கத்தக்கது. வசதியற்றவருக்கு விசாரணையின்போது அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு என்பது 1963ஆம் ஆண்டின் கிடியன் தீர்ப்பால் உறுதியான உரிமை; ஆனால் முதல் மேல்முறையீடும் முடிந்தபின் தண்டனையை எதிர்த்துத் தொடரும் வழக்குகளுக்கு அத்தகைய அரசியலமைப்பு உரிமை இல்லை என்பதால், அந்நிலையில் உள்ளவரின் தேவை மெய்யானதாக இருக்கலாம். அப்போதும் பணத்தை நண்பரிடமோ அவர் உறவினரிடமோ கொடுக்காமல், அம்மாநில வழக்கறிஞர் மன்றப் பதிவில் பெயர் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, வழக்கறிஞருக்கே நேரடியாகச் செலுத்தி ரசீது பெறுவதே முறை.

சிறு கோரிக்கைகளை எடைபோடக் கடிதங்களையே திரும்பப் படிக்க வேண்டும். நண்பர் தமக்கு எழுதுபவரின் தாயின் உடல்நிலையை விசாரித்திருக்கிறாரா, சென்ற கடிதத்தில் கேட்ட கேள்விக்கு விடை எழுதியிருக்கிறாரா, அல்லது பெயரை மட்டும் மாற்றி எவருக்கும் அனுப்பத்தக்க கடிதமாக அது இருக்கிறதா என்பது இரண்டு மூன்று கடிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே விளங்கிவிடும். மூன்றாம் கடிதத்திலேயே காதலும் நான்காம் கடிதத்தில் அவசரமும் வந்தால் எச்சரிக்கை தேவை. ஆறு மாதமாவது கடிதம் மட்டுமே பரிமாறிக்கொண்ட பின்னர் பணத்தைப் பற்றி யோசிப்பது என்று வரையறை வைத்துக்கொள்வது நல்லது. மோசடி செய்பவருக்கு அவ்வளவு காத்திருக்கப் பொறுமை பொதுவாக இருப்பதில்லை. ஒரே நேரத்தில் பலருடன் கடிதத் தொடர்பு வைத்திருப்பதை மட்டும் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. பதில் வராமல் நின்றுபோன கடிதங்கள் அவருக்கு ஏராளமாக இருந்திருக்கும்.

அனுப்புவதென்று முடிவானால்

தொகையைத் தீர்மானிக்கும்போது, அது திரும்பி வராது என்றே கொள்ள வேண்டும். கடனாகத் தருகிறேன் என்று எழுதுவது இருவருக்குமே சுமை. மணிக்கு 12 சென்ட் பெறுபவர் 100 டாலர் கடனை எப்படி அடைப்பார் என்று எண்ணிப் பார்த்தால் போதும். தம் வீட்டு மாதச் செலவில் துண்டு விழாத ஒரு சிறு தொகையை, பிறந்தநாள், கிறிஸ்துமஸ் போன்ற நாட்களில் முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்புவது, மாதாமாதம் அனுப்புவதைவிடச் சிறந்தது. மாதந்தோறும் வரும் பணம் சில காலத்தில் உரிமையாகி, நின்றுபோனால் நட்பையே முறிக்கும். திருமணமானவர் தம் துணைவருக்குத் தெரியாமல் அனுப்பலாகாது. மறைக்க வேண்டும் என்று தோன்றும் தொகை ஏற்கெனவே வரம்பு மீறிய தொகையாகும்.

பணமாக அனுப்பத் தயங்குபவருக்கு வேறு வழிகளும் உண்டு. பெரும்பாலான சிறைகள் பதிப்பகத்திலிருந்தோ புத்தகக் கடையிலிருந்தோ நேராக வரும் புதிய நூல்களை ஏற்கின்றன. மாத இதழ் ஒன்றுக்குச் சந்தா கட்டினால் ஆண்டு முழுதும் அது அவர் பெயருக்கு வந்துகொண்டிருக்கும். தபால்தலைகளை உறைக்குள் வைத்து அனுப்புவதை ஃபெடரல் சிறைகளும் வேறு பலவும் அனுமதிப்பதில்லை என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். தனிமனிதருக்குத் தரும் பணம் நன்கொடையாகக் கருதப்படாது; அமெரிக்காவில் அதற்கு வரிவிலக்குக் கோர இயலாது.

மறுப்பதென்று முடிவு செய்தவர் அதைச் சுற்றிவளைக்காமல் ஒரே கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பணம் அனுப்புவதில்லை என்பது தம் முடிவு, அதற்குக் காரணம் அவர்மீதுள்ள சந்தேகம் அன்று, கடிதம் வழக்கம்போல் வரும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தட்டிக் கழிப்பது, நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் செய்யும் கொடுமை. அந்த மறுப்புக்குப் பின் அவர் கோபித்தாலோ மிரட்டினாலோ தொடர்பை நிறுத்திவிட்டுச் சிறை நிர்வாகத்துக்கு எழுதலாம். அவர் ஏற்றுக்கொண்டு பதில் எழுதினால், பணம் தர மறுத்த கூச்சத்தால் கடிதத்தையும் நிறுத்திவிட வேண்டாம். சொன்ன வாரத்தில் சொன்னபடி அடுத்த கடிதத்தை எழுதி அனுப்புங்கள்.